கருவுற்றகால நீரிழிவும் குழந்தைகளின் பிற்கால உடல்நலமும்: ஆரணி நெசவுக் குடும்பங்களை முன்வைத்து

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவு இங்கு வீட்டுத் தொழில். தறியில் அமர்வது, தார் சுற்றுவது ஆகியவற்றில் பெண்களுக்கும் பங்குண்டு. பெரும்பொழுதும் அமர்ந்தே செய்யும் உழைப்பும் அரிசியை மையமாகக் கொண்ட உணவும் கூடுமிடத்தில் கருவுற்றகால நீரிழிவு தனிக் கவனம் பெற வேண்டியதாகிறது. பிள்ளைப்பேற்றுடன் அதன் விளைவு முடிந்துவிடுகிறது என்னும் பொதுக் கருத்தோ ஆய்வுகளுடன் பொருந்தவில்லை.

தாயின் குருதியிலுள்ள குளுக்கோஸ் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது; தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே மிகைச் சர்க்கரையைக் கையாளக் கருவின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் கருவில் கொழுப்பு சேர்கிறது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் முன்வைத்த இவ்விளக்கத்தை விரிவுபடுத்திய ஃபிரெயின்கெல், கருப்பைச் சூழலின் தாக்கம் பிற்கால வாழ்விலும் தொடரும் என 1980இல் வாதிட்டார்.

இது மரபுவழிப் பேறுதானே என்னும் ஐயம் இயல்பானது. அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடையே நிகழ்ந்து 2000இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தந்தது. ஒரே தாய்க்கு நீரிழிவு தோன்றுமுன் பிறந்த பிள்ளைகளைவிடத் தோன்றியபின் பிறந்த உடன்பிறப்புகளுக்கு அந்நோய் மிகுதியாக வந்தது. மைசூர் பார்த்தினான் ஆய்விலும், இந்நோயுற்ற தாயரின் பெண்மக்களிடம் ஐந்து வயதிலேயே தோலடிக் கொழுப்பும் இன்சுலின் அளவும் கூடியிருந்தன. தந்தைக்கு நீரிழிவு இருந்த குழந்தைகளிடம் அவ்வேறுபாடு புலப்படவில்லை. மரபு ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று.

தமிழகத்தில் மருத்துவர் வீ. சேஷையா குழுவினர் 12,056 கருவுற்ற பெண்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் இந்நோய் நகரத்தில் 17.8, சிறுநகர்ப் பகுதியில் 13.8, சிற்றூரில் 9.9 விழுக்காடாக இருந்தது. அவர்கள் பரிந்துரைத்த சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரத்துக்குப் பின் 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நோய் உறுதியாகிறது. நெய்த சேலைக்கே கூலி பெறும் குடும்பத்தில் மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் வருவாய் இழப்பே. ஒரே வருகையில் முடியும் இச்சோதனையின் சமூகப் பொருத்தம் இதில்தான் உள்ளது.

எனினும் சிகிச்சையைப் பற்றி மிகைப்படுத்திக் கூறலாகாது. ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில் சிகிச்சை பெற்ற தாயரின் குழந்தைகளிடையே பிறப்பின்போது மிகையெடை குறைந்திருந்தது. நான்கைந்து வயதிலோ உடல் நிறைக் குறியீட்டில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பேறுகாலத்துக்குப் பின்னரும் கவனிப்பு தொடர வேண்டும். தாய்க்கு ஆறாம் வாரத்தில் சர்க்கரைச் சோதனை செய்வது நெறிமுறையில் உள்ளது. குழந்தைக்கோ, தாய்க்கிருந்த நோயைத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்துவைத்துப் பள்ளிப் பருவம்வரை எடையையும் இடுப்புச் சுற்றளவையும் அளந்துவருதல் வேண்டும்.