பழைய பிக்கப்பில் முதல் சந்தேகம் எர்த் மீதுதான்

பத்துப் பதினைந்து வருஷம் லோடு அடித்த பிக்கப் வண்டியில் கரண்ட் தகராறு வந்தால் பழி முதலில் பேட்டரி மீது விழும். புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை என்றால் அடுத்தது செல்ஃப் மோட்டார், அதற்கும் அடுத்தது டைனமோ. இத்தனை செலவுக்குப் பிறகும் ஒரு நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு வண்டி நின்றுவிடும். கழற்றிப் போட்ட பேட்டரியும் மோட்டாரும் பல நேரங்களில் நல்ல பொருள்களாகத்தான் இருந்திருக்கும். எந்தப் பொருளை மாற்றுவதற்கு முன்பும் எர்த்தைப் பார்த்துவிட வேண்டும். அதையும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வயர் போகிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. சேஸிஸ் இரும்புதான் வழி, எர்த் என்பது இதுதான். ஆனால் பிக்கப் ஒரே இரும்பாக இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கேபினும் பெரும்பாலும் ரப்பர் மேல்தான். பின்னால் இருக்கும் லோடு பாடி தனியாகச் செய்து போல்ட் போட்டு மாட்டப்பட்டது. ரப்பரில் கரண்ட் ஓடாது என்பதால் எஞ்சினையும் சேஸிஸையும் சேர்க்க ஒரு எர்த் கேபிளோ பின்னிய செம்புப் பட்டையோ போட்டிருப்பார்கள். அது அறுந்தால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கியர் கேபிளும் காரணமே இல்லாமல் சுட்டாலோ உருகினாலோ சந்தேகப்பட வேண்டியது அந்தப் பட்டையைத்தான். கடலோர ஊர்களில் மீன் ஏற்றும் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் முழுக்க வடிந்து போல்ட் இடுக்குகளில் தங்கும். இரும்பு துரு பிடிக்கும், செம்பு பச்சை பூத்து இன்சுலேஷனுக்குள்ளேயே மேலேறும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் புதிதுபோலவே தெரியும்.

எர்த் போன வண்டி வேடிக்கையான குறிகளைக் காட்டும். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரியும்; இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். காரணம் பின் விளக்கு பல்புக்குள் இருக்கிறது. அதில் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் பித்தளை உடம்பு. ஹோல்டரின் எர்த் விட்டுப்போனால், பிரேக் இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல் டெயில் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, டெயில் லைட் வயருக்குள் புகுந்து, அதே வயரில் இருக்கும் மற்ற விளக்குகள் வழியே எர்த்தைத் தேடிப் போகிறது. எரியக் கூடாத விளக்குகள் எரிவது இதனால்தான். இப்படிப்பட்ட வண்டியில் பல்பையும் ஃப்ளாஷரையும் எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை. ஹெட்லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் முள் நகர்ந்தாலும் இதே கதைதான். வெவ்வேறு சர்க்யூட்டுகள் ஒரே கெட்ட எர்த்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

"மீட்டர் வைத்துப் பார்த்தாச்சு, 'பீப்' சத்தம் வருது, எர்த் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சோதனைக்கு அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது தாராளமாகப் போய்விடும். டீசல் பிக்கப்பின் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். சாதாரண மீட்டரின் கம்பிகளிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கிறது. ஓம் அளவில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஆகவே மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு கணக்கில் வராது. இன்னொரு முனையை எஞ்சின் இரும்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி செய்துகொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் மீது பழி இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வேறு எதையும் கழற்ற வேண்டாம். பின் விளக்குக்கும் இதே முறைதான். நீளமான வயரால் பேட்டரி நெகட்டிவை எட்டி, பிரேக்கை மிதித்தபடி ஹோல்டரின் உடம்பில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்.

"இவ்வளவு அளவு எதற்கு, கூடுதலாக ஒரு எர்த் வயர் இழுத்தால் போச்சு" என்று சொல்பவர்கள் பாதி சரி. பின் விளக்குக்கு அது நல்ல வைத்தியமும்கூட. ஆனால் செல்ஃபுக்கு மெல்லிய வயரை இழுத்தால் அது சூடேறி உருகும். துருப்பிடித்த இரும்பிலேயே மறுபடி போல்ட் போட்டால் புது வயரும் பழைய வயரின் கதிக்கு ஆளாகும். எல்லாக் கோளாறுக்கும் எர்த்தே காரணம் என்று வாதிடவும் இல்லை. ஃபியூஸ் போகிறது என்றால் பெரும்பாலும் பாசிட்டிவ் வயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது என்று பொருள். அறுந்த எர்த் பொதுவாக ஃபியூஸை எரிக்காது. அங்கே செம்பு இழையைச் சுற்றி ஓட்டுவது வண்டியைக் கொளுத்தும் வேலை. மடித்தாலே இன்சுலேஷன் உதிர்கிற வண்டிக்கு வயரிங்கை முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஆனால் எர்த் இடங்களைச் சுரண்டாமல் வயரிங் மாற்றுவது வீண் செலவு.

எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதற்காக அடிக்கிற பெயிண்ட் எர்த் போல்ட்களின் இடுக்கிலும் இறங்குகிறது, எஃப்.சி. முடிந்த கையோடு சில வண்டிகளில் விளக்குத் தகராறு தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை பெயிண்ட் காய்ந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட் ஒவ்வொன்றையும் எடுத்து, இரும்பு பளபளக்கும் வரை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கிரீஸ் பூசித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.