விபத்து குறைந்தது, கிட்னியும் குறைந்தது!

சென்னை, மவுண்ட் ரோட்டில் பட்டப்பகலில் ஈ, காக்கை இல்லாத நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச் 25-ந் தேதி தொடங்கிய கொரோனா ஊரடங்கு! பஸ் இல்லை, கார் இல்லை, விபத்தும் குறைந்தது. நல்லதுதானே என்றார்கள் ஜனங்கள்.

அதே காலி ரோட்டைப் பார்த்து வயிறு கலங்கியவர்களும் உண்டு. மாற்று கிட்னி கேட்டு அரசுப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருந்த நோயாளிகள்தான் அவர்கள்!

மூளைச்சாவு

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பங்கிட்டுத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. தானம் கொடுப்பவர்களில் பெரும்பகுதி, ரோடு விபத்தில் தலையில் அடிபட்டவர்கள். சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனால் நிஜம் அதுதான்.

அப்படி ஒருவர் இருந்தாலும் கொரோனா விடவில்லை. 4 டாக்டர்கள், 6 மணி நேர இடைவெளியில் 2 தடவை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் கொரோனா டெஸ்ட் வேறு! "பாசிட்டிவ்" என்று வந்தால் தானம் ரத்து. தீவிர சிகிச்சைப் பிரிவிலோ கட்டில் கிடைப்பதே குதிரைக்கொம்பு. எடுத்த இதயத்தை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். உள்நாட்டு விமானங்களோ 2 மாதம் பறக்கவில்லை.

2019-ல் தமிழ்நாட்டில் இப்படி உறுப்பு தானம் செய்தவர்கள் 127 பேர். 2020-ல் வெறும் 55! 2021-லும் 60-தான்.

"இப்ப வேணாம்"

சரி, கூடப்பிறந்த அண்ணனே கிட்னி தர முன்வந்தால்? "ஆபரேஷன் இப்ப வேணாம், கொஞ்சம் பொறுங்க" என்று தள்ளிப்போட்டார்கள் டாக்டர்கள். காரணம் இருக்கிறது. புது உறுப்பை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை மாத்திரை கொடுத்து அமுக்க வேண்டும். அந்த நிலையில் கொரோனா தொற்றினால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

ஆகவே மறுபடியும் டயாலிசிஸ்! வாரத்தில் 2, 3 நாள். ஒரு தடவைக்கு 4 மணி நேரம். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். வீட்டில் இருந்தால் இவர்கள் உயிர் தங்காது. பஸ் ஓடாத ஊரில் ஆட்டோ பிடித்து, வழிமறித்த போலீஸிடம் ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி, கொரோனாவுக்குப் பயந்துகொண்டே போய் வந்தார்கள்.

268 பேர்

2022-ல் தானம் செய்தவர்கள் 156 ஆனார்கள். தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2024-ல் 268 பேர்!

பட்டியலில் இன்னமும் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது கிட்னி.