எண்ணெய்ப் பாக்கெட் ஓரம் விடுவது ஏன்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் எவருக்கும் இந்த நஷ்டம் புதிதல்ல. ஒரு பெட்டி எண்ணெய் இறக்குகிறோம். அடியில் ஒரே ஒரு பாக்கெட் ஓரம் விட்டிருக்கிறது. போவது அந்த ஒன்றின் விலை மட்டுமா? மற்றவை எல்லாம் பிசுபிசுத்துவிடும், வாடிக்கையாளர் கையில் எடுக்கமாட்டார். சேல்ஸ்மேன் 'ஒரு பீஸ்தானே டேமேஜ்' என்று ஒன்றுக்கு மட்டும் கழிப்பார். துடைக்கிற கூலியும் விலை குறைத்துத் தள்ளுகிற நஷ்டமும் நம் தலையில்.

டின்னில் வாங்கி அளந்து ஊற்றிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1998-ல் டில்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்து, சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து நம் லாபம் ஒரு மெல்லிய ஒட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

பாக்கெட் பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை, ஒட்டில்தான் விடும். ஆலையில் இயந்திரம் பையின் அடியை ஒட்டிய மறுநொடியே எண்ணெய் விழுகிறது. ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம். ஒட்டு இன்னும் சூடாக இருக்கும்போதே அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். போதாததற்கு, ஒட்டுகிற இடத்தில் எண்ணெய்த் துளி தெறித்திருக்கும். மசாலாப் பாக்கெட் என்றால் தூள் படிந்திருக்கும். இவ்வளவையும் சமாளிப்பது பையின் உள்பக்கத்துக் கடைசி அடுக்கு. வெளியே பளபளக்கும் அச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பல பைகளில் அந்த அடுக்கு பாலிஎத்திலின் வகைகளின் கலப்பு. இதைவிட உயர்ந்த சரக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் அயனோமர். 1960-களில் டூபாண்ட் கம்பெனி 'சர்லின்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலிஎத்திலின் போன்ற சங்கிலியில் கொஞ்சம் அமிலத்தைச் சேர்த்து, அந்த அமிலத்தில் ஒரு பகுதியைச் சோடியத்தாலோ துத்தநாகத்தாலோ உப்பாக்கிவிடுகிறார்கள். உப்பான இடங்கள் ஒன்றையொன்று இழுத்துக் கூடி, கயிற்றில் போட்ட முடிச்சுகள் போல நிற்கின்றன. சூடேறினால் முடிச்சு தளரும், ஆறினால் மறுபடி இறுகும். அதனால்தான் ஒட்டு சூட்டிலேயே பிடித்துக்கொள்கிறது, எண்ணெயும் தூளும் இடையில் இருந்தாலும் ஒட்டுகிறது. பட்டை, கிராம்பு, மிளகாய்க் காம்பு குத்தினாலும் சட்டென்று ஓட்டை விழாது.

இதிலும் இரண்டு குணம். சோடியம் வகை எண்ணெய்க்கு நன்றாக ஈடுகொடுக்கும், கண்ணாடி போல் தெளிவு. துத்தநாக வகை அலுமினியத் தகட்டிலும் நைலானிலும் நன்றாகப் பிடிக்கும், ஈரத்தைக் குறைவாக இழுக்கும். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? கோல்ஃப் பந்தின் மேலோட்டில் அப்படித்தான் கலக்கிறார்கள். தனித்தனியே இருப்பதைவிடக் கலப்பு நன்றாக எழும்புகிறது, அடி தாங்குகிறது. இரண்டு தோட்டத்துத் தேயிலைத் தூளைக் கலந்தால் தனி ருசி வருவது நமக்குத் தெரிந்ததுதானே.

ஆனால் எல்லாக் கலப்பும் இப்படி அமையாது. அயனோமர் விலை கூடுதல் என்பதால் சாதாரண பாலிஎத்திலினோடு கலப்பவர்கள் உண்டு. இரண்டும் முழுதாகக் கரைந்து கலப்பவை அல்ல, ஒன்றுக்குள் ஒன்று பொடிப்பொடித் திட்டாக நிற்கும். பாதி கலந்தால் பாதி பலம் என்ற கணக்கு இங்கே செல்லாது. விகிதமும் கலக்கும் பக்குவமும் சரியாக இருந்தால் பயன் உண்டு. இல்லாவிட்டால் திட்டுகளின் ஓரத்திலேயே விரிசல் தொடங்கும். பார்வைக்கு இரண்டு பையும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சங்கடம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். அயனோமரின் முடிச்சுகள் 50 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளக ஆரம்பிக்கின்றன. சித்திரை வெயிலில் மூடிய லைன் வண்டிக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் அந்தச் சூடு வருவது அபூர்வமல்ல. ஒட்டு உடனே பிரிந்துவிடாது என்றாலும் பை விறைப்புக் குறைந்து தொய்யும். மேலே ஏழெட்டுப் பெட்டி அடுக்கியிருந்தால் பாரம் முழுதும் அடிப்பெட்டியின் ஒட்டில். பாலிஎத்திலின் பைக்கும் சூடு ஆகாது. ஆகவே எண்ணெய்ப் பெட்டியைச் சுவரோரம் நிழலில், குறைந்த உயரத்தில் அடுக்குங்கள்.

சரக்கு இறக்கும்போது சேல்ஸ்மேன் எதிரிலேயே பெட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள். சந்தேகமானால் ஒரு பாக்கெட்டைக் காகிதத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒட்டில் சுருக்கமோ, கோடு விட்டு விட்டோ இருந்தால் அங்கேதான் கசியும். ஒழுகியதை மட்டுமல்லாமல் அதனால் பாழான பாக்கெட்டுகளையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கூடாது என்பது என் கருத்து.

சொந்தமாக மசாலா, ஊறுகாய் அடைத்து விற்பவர்கள் பை வாங்கும்போது 'எத்தனை மைக்ரான்' என்று மட்டும் கேட்கிறார்கள். உள் அடுக்கு என்ன, எதோடு எந்த விகிதத்தில் கலந்தது என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்வதை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை. 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. பிளாஸ்டிக் பொருள்களைக் கட்டணம் பெற்றுச் சோதித்துத் தருகிறார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பையை வாங்குகிறவர்களானால் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.