வெயிலும் சாணமும் தரும் சக்தி: மானியம் கேட்குமுன் போடவேண்டிய கணக்கு

குடியானவர் வீட்டில் அடுப்பு எரியவும், விளக்கு எரியவும், கிணற்று நீர் மேலேறவும் சக்தி வேண்டும். வெயிலும் மாட்டுச் சாணமும் எடுக்க எடுக்கக் குறையாத சக்திச் சுரங்கங்கள். இவற்றைப் பயன்படுத்தும் கருவிகளுக்குச் சர்க்கார் மானியமும் வங்கிக் கடனும் அளிக்கப்பட்டு வருகின்றன. ஆயினும், மானியம் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் தேவைக்கு ஒவ்வாத கருவியை வாங்கியவருக்கு எஞ்சுவது கடன் ஒன்றே. மானியம் செலவில் ஒரு பகுதியைத்தான் தாங்கும்; மற்றப் பகுதி குடும்பத்தின் கைப்பணம். ஆகையால் எக்கருவி எவ்வீட்டுக்குப் பொருந்தும் என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன் பின்னரே மனு எழுத உட்காருதல் நலம்.

சாண எரிவாயு

சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தால் அடுப்பு எரியும். ஆனால் நிலத்துக்குச் சேரவேண்டிய தழைச்சத்து புகையோடு போய்விடும். குப்பையில் இட்டால் எரு கிடைக்கும். அடுப்புக்கு வேறு விறகு தேடவேண்டும். சாண எரிவாயுக் கலன் இவ்விரண்டு பயன்களையும் ஒருங்கே தருகின்றது. சாணத்தையும் அதே அளவு நீரையும் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் விட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் மிகுந்த வாயுவை உண்டாக்குகின்றன. வாயு குழாய் வழியே அடுப்புக்குச் செல்லும். வாயு பிரிந்த பின் வெளிவரும் குழம்பில் தழைச்சத்து அழியாமல் தங்கியிருக்கும். அதை அப்படியே பாசன வாய்க்காலிலும் விடலாம், குப்பையோடு சேர்த்து மக்கவும் வைக்கலாம்.

இந்தியாவில் இரு வகைக் கலன்கள் பெரிதும் பரவியுள்ளன. ஒன்று, கதர் கிராமத் தொழில் கமிஷன் பரப்பிய, மிதக்கும் இரும்பு மூடியுடைய கலன். மற்றொன்று, 1984-ம் வருஷத்தில் அப்ரோ என்னும் தொண்டு நிறுவனம் அமைத்த தீனபந்துக் கலன். பின்னது செங்கல்லால் நிலத்துக்குள் கட்டப்படுவது. துருப்பிடிக்கும் இரும்பு மூடி இல்லாமையால் செலவு குறைவு. ஆனால் கும்மட்டத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு கசிந்துவிடும். ஆகவே பழகிய கொத்தனாரைக்கொண்டே கட்டவேண்டும்.

கலனின் அளவை நிர்ணயிப்பது மாடுகளின் எண்ணிக்கை அன்று. நாள்தோறும் கைக்கு வரும் சாணத்தின் எடையே. ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் தேவை. கொட்டிலில் கட்டித் தீனி போடப்படும் பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். நாலைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு 2 கன மீட்டர்க் கலன் போதும். அதற்குக் கொட்டில் மாடுகள் ஐந்து வேண்டும். இது மாதத்தில் ஏறக்குறைய 26 கிலோ சமையல் வாயுவுக்கு, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்றுக் குறைவான அளவுக்குச் சமம்.

இரண்டே மாடுகளை வைத்துக்கொண்டு 2 கன மீட்டர்க் கலன் கட்டினால், பாதி வயிற்றோடு கிடக்கும் மாட்டைப்போல் அது பாதிப் பலன்கூடத் தராது. கலன்கள் கைவிடப்படுவதற்குச் சாணப் பற்றாக்குறையும், தினமும் கரைத்து விடும் வேலைக்கு ஆள் இல்லாமையுமே பெரும் காரணங்கள். வீட்டில் அவ்வேலையை ஏற்பவர் பெரும்பாலும் பெண்களே. ஆகையால் அவர்களைக் கேளாமல் கலன் கட்ட முடிவு செய்தல் தகாது. கலன் சமையலறைக்கும் கொட்டிலுக்கும் அருகிலும், குடிநீர்க் கிணற்றுக்குச் சுமார் 15 மீட்டர் அப்பாலும், நல்ல வெயில் படும் இடத்திலும் இருத்தல் வேண்டும்.

2021-22 முதல் 2025-26 வரையிலான தேசிய உயிரிச்சக்தித் திட்டத்தில், பொதுப் பிரிவினரின் 1 கன மீட்டர்க் கலனுக்கு ரூ. 9,800-ம், 2 முதல் 4 கன மீட்டர் வரையுள்ள கலனுக்கு ரூ. 14,350-ம் மத்திய உதவியாக வகுக்கப்பட்டன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதனினும் கூடுதலான தொகை வகுக்கப்பட்டது.

கூரைமேல் சூரிய மின்சாரம்

ஒரு கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளை வைக்க, நிழல் விழாத சுமார் 100 சதுர அடிக் கூரை வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அவை நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் மின்சாரம் தரும். ஆகவே 2 கிலோவாட் தகடுகள் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் தரும். பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இரவில் அங்கிருந்து வரும். இரண்டையும் ஒரே மீட்டர் கணக்கிடும்.

2024-ம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000-ம், 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000-ம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் ரூ. 78,000-ம் மானியம் விதிக்கப்பட்டது. திட்டத்தின் காலம் 2026-27 வரை.

இங்கு கவனிக்கவேண்டிய விஷயங்கள் மூன்று. முதலாவது, தமிழ்நாட்டில் 2016-ம் வருஷத்திலிருந்து வீடுகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை வந்தது. அவ்வளவுக்குள் செலவழிக்கும் சிறு வீட்டுக்குத் தகடுகளால் மிச்சமாகும் பணம் ஏதும் இல்லை. 400 யூனிட்டும் அதற்கு மேலும் செலவாகும் வீட்டுக்கே இது தக்கது. இரண்டாவது, மின்கலம் இல்லாத இவ்வகைச் சாதனம், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. மின்வெட்டுக்குப் பரிகாரமாக இதை வாங்குவோர் ஏமாற்றமடைவர். மூன்றாவது, மானியம் முன்பணமாக வருவதன்று. சாதனம் அமைந்து, மின்வாரியம் சோதித்து இயக்கிய பிறகே அது வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுத்தொகைக்கும் வழி வேண்டும். இதற்கென 3 கிலோவாட் வரை ஈடில்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிகள் கடன் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

சூரியப் பம்பு

மின்கம்பி எட்டாத கிணற்றில் டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவருக்குச் சூரியப் பம்பு பெரும் அனுகூலம். 5 குதிரைச் சக்திப் பம்புக்குச் சுமார் 4.8 கிலோவாட் தகடுகள் வேண்டும். 2019-ல் தொடங்கப்பட்ட குசும் திட்டத்தில், 7.5 குதிரைச் சக்தி வரையுள்ள தனிப் பம்புக்கு மத்திய சர்க்கார் 30 சதவிகிதமும், மாநில சர்க்கார் குறைந்தது 30 சதவிகிதமும், எஞ்சியதைக் குடியானவரும் ஏற்கும்படி பங்கிடப்பட்டது. தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தியது.

வெயிலுக்கு விலையில்லை என்பதற்காக நாள் முழுதும் இறைத்தால் கிணறு வற்றும். கிணற்றின் ஊற்று எவ்வளவோ அவ்வளவுக்கே பம்பின் அளவைத் தெரிந்தெடுத்துச் சொட்டு நீர்ப் பாசனத்தோடு இணைத்தால் பம்பும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும்.

சிறு தொழில்கள்

மேற்சொன்ன வீட்டுக் கூரை மானியம் கடைக்கும் ஆலைக்கும் பொருந்தாது. ஆயினும் மாவரைக்கும் ஆலை, எண்ணெய்ச் செக்கு முதலியவை பகலில் ஓடுபவை; வெயில் உள்ள வேளையிலேயே அவற்றுக்கு மின்சாரம் தேவைப்படுவதால் தகடுகளின் பலன் உடனுக்குடன் கிடைக்கும். வருமான வரி செலுத்தும் தொழில் நடத்துவோர், சூரியச் சாதனங்களுக்கு வருஷத்திற்கு 40 சதவிகிதம் தேய்மானம் கழித்துக்கொள்ள விதி இடங்கொடுத்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் இச்சாதனங்களுக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும் சரக்கு, சேவை வரி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 2025-ம் வருஷத்து விதிகளின்படி, இத்தகைய கடன்கள் முன்னுரிமைக் கடன்களில் சேரும். தனி வீடுகளுக்கு ரூ. 10 லட்சம் அதன் வரம்பு.

கொப்பரையும் மிளகாயும் உலர்த்துவோருக்குச் சூரியக் கூடார உலர்த்தி ஏற்றது. தேங்காய்ப் பருப்பில் பாதிக்கு மேலும் இருக்கும் ஈரம் 6 சதவிகிதமாக இறங்கினால்தான் பூசணம் பிடிக்காது. கூடாரத்துள் வெப்பம் மிகுவதால் திறந்த களத்தைவிட விரைவில் காயும்; தூசியும் திடீர் மழையும் அணுகா.

கணக்கும் மனுவும்

மொத்தக் கிரயத்தில் மானியத்தைக் கழித்து, எஞ்சிய தொகையை ஒரு வருஷத்தில் மிச்சமாகும் பணத்தால் வகுத்தால், முதல் திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்பது விளங்கும். உதாரணமாக, கைச்செலவு ரூ. 60,000-ம், வருஷ மிச்சம் ரூ. 12,000-ம் என்றால், முதல் ஐந்து வருஷத்தில் திரும்பும். கடன் வாங்கினால் வட்டியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாதத் தவணை மாத மிச்சத்தைவிட அதிகமாயின், குறையைக் குடும்பம் வேறு வருமானத்திலிருந்து ஈடுகட்ட நேரும்.

மானிய விகிதங்களுக்குக் காலவரையறை உண்டு. ஆகவே மனுச் செய்யும் வருஷத்தின் விகிதத்தையும், பதிவு பெற்ற விற்பனையாளரின் பெயரையும் உரிய அலுவலகத்தில் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும். மின் கட்டணச் சீட்டு, நிலம் அல்லது வீட்டின் பத்திரம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பெயரில் ஒழுங்காக வைத்திருத்தல் தாமதத்தைத் தவிர்க்கும். பராமரிப்பு எத்தனை வருஷம், பழுது நேர்ந்தால் வருபவர் யார் என்பவற்றை எழுத்து மூலம் பெறவேண்டும். தகடுகளில் படியும் தூசியைக் கழுவுதலும், கலனுக்கு நாள் தவறாமல் சாணம் கரைத்து விடுதலும் எந்த மானியமும் செய்து கொடுக்காத வேலைகள். அவற்றுக்கு ஆள் உள்ள வீட்டிலேயே இக்கருவிகள் நெடுநாள் பலன் தரும்.