முதியோர் நீரிழிவு நோயும் வருமானமும்

ஐக்கிய அமெரிக்காவில் நீரிழிவு நோய் உடைய முதியோரின் உடல்நலம் அவர்களின் வருமானத்தைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுகிறது. அந்நாட்டில் 65 அகவையும் அதற்கு மேலும் ஆனோரில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இந்நோய் உள்ளது. 1965 ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட மெடிக்கேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு இவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. எனினும், காப்பீட்டால் மட்டும் இவ்வேறுபாடு நீங்கிவிடவில்லை.

பின்னணி

நீரிழிவு நோயில் மருத்துவமனையில் நடப்பதைவிட வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டியவையே மிகுதி. தகுந்த உணவு உண்ணுதல், மருந்தைத் தவறாது எடுத்தல், குருதிச் சர்க்கரையை அளத்தல், பாதங்களைக் கவனித்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பலவற்றுக்குப் பணம் தேவை. மெடிக்கேரின் கீழும் பல சேவைகளுக்கு ஒரு பகுதிக் கட்டணத்தை நோயாளியே செலுத்த வேண்டும்.

உணவும் தாழ் சர்க்கரையும்

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு போதிய உணவு உண்ணாவிடின் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும். இதனால் முதியோருக்கு மயக்கம், கீழே விழுதல், எலும்பு முறிவு ஆகியவை ஏற்படலாம். கலிபோர்னியா மாநில மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு 2014 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குறைந்த வருமானம் உடையோர் தாழ் சர்க்கரையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு மிகுதி. உயர் வருமானம் உடையோரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. மாத இறுதியில் உணவுக்கான பணம் தீர்ந்துபோவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

கால் இழப்பு

நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்படும்போது பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. வலி தெரியாததால் சிறு புண் கவனிக்கப்படாமல் அழுகி, காலை வெட்டி நீக்கும் நிலை உருவாகிறது. தொடக்கத்திலேயே மருத்துவம் பெற்றால் பெரும்பாலும் இதனைத் தவிர்க்கலாம். கலிபோர்னியாவில் 45 அகவைக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளைப் பற்றி 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வில், வறிய பகுதிகளில் இத்தகைய கால் இழப்பு செல்வந்தர் பகுதிகளைவிடப் பத்து மடங்கு வரை மிகுதியாக இருந்தது.

மருந்துச் செலவு

யேல் பல்கலைக்கழகம் சார்ந்த நீரிழிவு மையம் ஒன்றில் இன்சுலின் பயன்படுத்திய நோயாளிகளுள் நான்கில் ஒருவர், விலை காரணமாக அதனைக் குறைத்துப் பயன்படுத்தியதாக 2019 இல் அறியப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டப்படி, மெடிக்கேர் மருந்துக் காப்பீடு உடையோர் காப்பீட்டில் அடங்கும் ஒவ்வோர் இன்சுலினுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. இது 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டில் அடங்கும் மருந்துகளுக்கு நோயாளி செலுத்தும் ஆண்டுத் தொகைக்கு 2025 இல் 2000 டாலர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. உணவு, போக்குவரத்து, வீட்டு வாடகை ஆகியவற்றின் செலவை இவ்வரம்புகள் குறைப்பதில்லை.

எதிர்த்திசைத் தொடர்பு

வறுமை நோயை முற்றச் செய்வது போலவே நோயும் வறுமையை உண்டாக்குகிறது. பார்வை மங்கியவரும் காலை இழந்தவரும் ஓய்வுக்கு முன்னரே வேலையை இழந்து, குறைந்த சேமிப்புடன் முதுமையை அடைகின்றனர். எனவே, மருந்தின் அளவை முடிவு செய்யும் முன்னர், நோயாளிக்கு மாதம் முழுவதும் உணவு கிடைக்கிறதா என மருத்துவர் கேட்டறிவது முக்கியமானதாகும்.