50-வது நாளில் மக்கர் செய்யும் மோட்டார்: கோட் பகிர்வோர் கவனிக்க வேண்டியது என்ன?

ஊரப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாடி, ஒரு போர்வெல், மொட்டை மாடியில் ஒரு டேங்க். தண்ணி வழியும் சத்தம் கேட்டால் யாராவது ஓடிப்போய் மோட்டாரை ஆஃப் பண்ண வேண்டும். அங்கே குடியிருக்கும் ஐ.டி. ஊழியர் ஒருவர் சனிக்கிழமை ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட் போகிறார். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு ரிலே, ஒரு மிதவை சுவிட்ச் வாங்கி வருகிறார். கோட் நண்பர் ஒருவர் அனுப்பியது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும்; 20 நிமிடத்தில் தானாக நிற்கும்.

ஒரு வாரம் சோதனை. எல்லாம் சூப்பர். அவரும் அதே கோடை நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார். பக்கத்து அபார்ட்மென்ட்டிலும் மாட்டுகிறார்கள். ஆனால் அந்த கோடுக்குள் ஒரு பிழை இருந்தால்? அது 49 நாள் வாயைத் திறக்காது.

அது என்ன 49 நாள் கணக்கு?

ஆர்டுயினோவில் நேரம் பார்க்க 'மில்லிஸ்' என்ற கட்டளை உண்டு. போர்டுக்கு கரன்ட் வந்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அது சொல்லும். இந்த எண் 32 பிட்டில் சேமிக்கப்படுகிறது. அதாவது 4,29,49,67,295 வரைதான் எண்ண முடியும். கணக்குப் போட்டால் சுமார் 49 நாள் 17 மணி நேரம். அதன் பிறகு மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

இது போர்டின் கோளாறு அல்ல, அதன் இயல்பு. சிக்கல், கோட் எழுதும் விதத்தில்தான். பலரும் 'நிறுத்த வேண்டிய நேரம் = இப்போது + 20 நிமிடம்' என்று குறித்துவைத்து, அந்த நேரம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். எண் பூஜ்யத்துக்குத் திரும்பும் தறுவாயில் மோட்டார் ஓட ஆரம்பித்தால், நிறுத்த வேண்டிய நேரம் ஒரு குட்டி எண்ணாக மாறிவிடும். 'நேரம் தாண்டிவிட்டதே' என்று கோட் உடனே மோட்டாரை நிறுத்தும். டேங்க் காலியாகவே இருப்பதால் மறுபடி ஆன் செய்யும். மறுபடி ஆஃப். எண் திரும்பும் வரை ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். நிறுத்த வேண்டிய நேரம் பூஜ்யத்துக்குச் சற்று முன்பு விழுந்து, அந்த சில விநாடிகளில் புரோகிராம் 'டிலே' கட்டளையில் காத்திருந்தால், அந்தத் தருணம் கைநழுவிப் போகும். நேரத்தை மட்டும் நம்பிய கோட் என்றால், அடுத்த சுற்று முடியும் வரை மோட்டாரை நிறுத்தாது. போரில் தண்ணீர் வற்றினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

தீர்வு ஒரே வரி

12 மணி கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு ஆரம்பித்தீர்கள், இப்போது மணி 1. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 'மணி 13 ஆனதும் நிறுத்து' என்றால் அந்தக் கடிகாரம் என்ன செய்யும்?

அதேதான் இங்கும். முடியும் நேரத்தைக் குறிக்காமல், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'இப்போது கழித்தல் தொடக்கம், 20 நிமிடம் ஆகிவிட்டதா?' என்று கேட்க வேண்டும். நேரத்தைச் சேமிக்கும் மாறி 'அன்சைன்ட் லாங்' வகையாக இருந்தால், எண் பூஜ்யத்துக்குத் திரும்பினாலும் கழித்தலின் விடை சரியாகவே வரும். அவ்ளோதான்.

பெரிய நிறுவனங்களும் இதே குழியில் விழுந்திருக்கின்றன. விண்டோஸ் 95, 98 கணினிகள் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் பிழை இருந்தது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், உள்ளே ஒரு கவுன்டர் நிரம்பி மின்சாரமே போய்விடலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது.

நம்மூரில் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். பராமரிப்புக்காக ஒரு நாள் கரன்ட் கட் ஆனால் போதும், எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்தில் தொடங்கிவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில்தான் 50-வது நாள் வரும்!

திருத்தம் எப்படித் திரும்பி வரும்?

இப்போது முக்கியமான கேள்வி. பக்கத்து அபார்ட்மென்ட்காரர் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். யாரிடம் சொல்வது? ஸ்கிரீன்ஷாட்டாகவும் ஃபார்வர்டாகவும் போன கோடுக்கு முகவரி கிடையாது. திருத்தம் அவர் வீட்டோடு நின்றுவிடும். பழைய கோட் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கிட்ஹப், கிட்லேப் போன்ற இடங்களில் கோடை வைத்து, லிங்க்கை மட்டும் பகிர்ந்தால் நிலைமை வேறு. பிழையைச் சொல்ல இடம் உண்டு. திருத்தத்தை அனுப்ப வழி உண்டு. எந்தத் தேதியில் எது மாறியது என்ற வரலாறும் உண்டு. 2014-ல் சில நூறு ரூபாய்க்குள் வைஃபை தந்த இஎஸ்பி8266 சிப் வந்தபோது, ஆவணங்கள் பெரும்பாலும் சீன மொழியில்தான் இருந்தன. பொழுதுபோக்காளர்கள் அவற்றை மொழிபெயர்த்தார்கள், சோதித்தார்கள், ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்தினார்கள். மறு ஆண்டே ஆர்டுயினோ மென்பொருளிலேயே அந்த சிப்புக்கு கோட் எழுத முடிந்தது.

'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க' போதுமா?

போதாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்புதான். உரிமம் எதுவும் குறிப்பிடாத கோடின் முழு உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். அதை அலுவலக புராஜெக்ட்டில் சேர்த்தால் பின்னால் வம்பு வரலாம்.

எம்.ஐ.டி. உரிமம் என்றால், எழுதியவரின் உரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டு எப்படியும் பயன்படுத்தலாம். ஜி.பி.எல். என்றால், மாற்றி விநியோகிப்பவர் தன் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர் வடிவமைப்பே பி.எஸ்.டி. என்ற திறந்த உரிமத்தில்தான் வெளியாகியிருக்கிறது.

பகிரும் முன் இவற்றைப் பாருங்கள்

* எந்த போர்டு, எந்தப் பின்னில் எந்த ஒயர் என்று எழுதுங்கள். 5 வோல்ட் சென்சாரை 3.3 வோல்ட் போர்டில் நேரடியாக மாட்டினால் சிப் போய்விடலாம்.

* லைப்ரரியின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சொல்லுங்கள். 'எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடல?' என்ற சண்டையில் பாதி இதனால்தான்.

* வீட்டு வைஃபை பாஸ்வேர்டை கோடுக்குள் விடாதீர்கள். தனி ஃபைலில் வையுங்கள். கிட்டில் ஒருமுறை ஏற்றிவிட்டால், அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றிவிடுவது நல்லது.

* எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

* யாருடைய கோடிலிருந்து எடுத்தீர்களோ, அவர் பெயரை நீக்காதீர்கள்.

* மோட்டார் போன்ற 230 வோல்ட் வேலை என்றால், கோட் தவறினாலும் மோட்டாரை நிறுத்தும் தனி ட்ரை-ரன் பாதுகாப்பு அவசியம். எலக்ட்ரீஷியன் கையால் மாட்டுங்கள்.

இதையெல்லாம் எழுத அரை மணி நேரம் ஆகும். ஏற்கெனவே நாலு குழுவில் கோடை ஃபார்வர்ட் செய்தவர் என்றால், இன்றே திருத்திய கோடின் லிங்க்கை அதே நாலு குழுவிலும் போட்டுவிடுங்கள். எந்த வீட்டில் இன்று 48-வது நாள் என்று யாருக்குத் தெரியும்?