நாணயம் தோண்டும் பொறியும் வெப்பக் கணக்கும்

சுரங்கம் என்றதும் நம் வட்டாரத்தார் நினைவுக்கு முதலில் வருவது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கமே. அந்நாளில் சுரங்க முதலாளிக்கு இருந்த கவலைகள் இரண்டு. மண்ணில் ஈயம் எவ்வளவு உண்டு என்பது ஒன்று. அதை வெளியே எடுக்கச் செலவு என்ன ஆகும் என்பது மற்றொன்று. இன்று ‘பிட்காயின் சுரங்கம்’ என்ற பெயரில் வீட்டு அறைக்குள்ளேயே ஒரு தொழில் நடைபெறுகிறது. இதில் மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. ஆயினும் அந்த இரண்டாவது கவலை மட்டும் சற்றும் குறையாமல் நிற்கிறது. இங்கே செலவு என்பது மின்சாரம். அதன் மறு உருவம் வெப்பம். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி செய்யும் வேலை

பிட்காயின் என்பது 2009ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தொடங்கப்பெற்ற மின்னிலக்க நாணயம். இதன் கொடுக்கல் வாங்கல்கள் தொகுதி தொகுதியாகப் பொதுப் பேரேட்டில் பதியப்படுகின்றன. ஒரு தொகுதியைப் பதியும் உரிமை வேண்டுவோர் ஒரு புதிரை விடுவித்தாக வேண்டும். புதிர் இதுதான்: தொகுதியின் விவரங்களோடு ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, ‘ஷா-256’ என்னும் கணித முறையில் இட்டால், விடை குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வர வேண்டும். எந்த எண்ணைச் சேர்த்தால் அவ்வாறு வரும் என்பதை முன்கூட்டியே அறியக் குறுக்கு வழி கிடையாது. ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்ப்பதே வழி. உலகெங்குமுள்ள பொறிகள் யாவும் இவ்வாறு முயல, சுமார் 10 நிமிடத்திற்கு ஒருமுறை எவரேனும் ஒருவருக்கு விடை கிட்டும். அவருக்குப் புதிய நாணயம் பரிசாக வழங்கப்படும். தொடக்கத்தில் 50 நாணயமாக இருந்த இப்பரிசு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்து, 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

முதலில் சாதாரண வீட்டுக் கணினியே இதற்குப் போதுமானதாக இருந்தது. பின்னர் படங்களைக் காட்டப் பயன்படும் வரைகலை அட்டைகள் வந்தன. 2013ஆம் ஆண்டு முதல், இந்த ஒரு கணக்கைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத தனிச் சில்லுகள் சந்தைக்கு வந்தன. காலணிப் பெட்டியைவிடச் சற்றே பெரிதான பெட்டி. அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள். முன்னும் பின்னும் வேகமான விசிறிகள். இதுவே இன்றைய நாணயப் பொறி.

இப்பொறிகளின் திறனை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. இலட்சம் கோடி முயற்சிகளை ஒரு டெராஹாஷ் என்பர். ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகிறது என்று கேட்டால் பொறியின் தரம் விளங்கிவிடும். பிட்மெயின் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்9, நொடிக்குச் சுமார் 13.5 டெராஹாஷ் செய்து 1,320 வாட்டு மின்சாரம் உண்டது. அதாவது டெராஹாஷுக்கு ஏறத்தாழ 98 ஜூல். 2020இல் வந்த எஸ்19 புரோ 29.5 ஜூலில் அதே வேலையை முடித்தது. அடுத்து வந்த எஸ்21, நொடிக்கு 200 டெராஹாஷுக்கு 3,500 வாட்டு கொள்கிறது, டெராஹாஷுக்கு 17.5 ஜூல். எட்டு ஆண்டுக்குள் திறன் ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. ஆயினும் ஒரு பெட்டி உண்ணும் மின்சாரம் குறையவில்லை; இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

மின்சாரம் எங்கே போகிறது?

நீர் இறைக்கும் இயந்திரம் மின்சாரத்தை உண்டு நீரை உயரே ஏற்றுகிறது. செலவான ஆற்றலில் ஒரு பங்கு உயரே சென்ற நீரில் தங்கியிருக்கும். மின்கலத்தில் ஏற்றிய ஆற்றலும் அவ்வாறே தங்கும். நாணயப் பொறியிலோ தங்குவதற்கு ஒன்றுமில்லை. விடையாகக் கிடைப்பது வெறும் எண். அதில் ஆற்றல் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆகவே உள்ளே சென்ற மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியே வரும். மின்னோட்டம் வெப்பமாக மாறும் விதியை 1840களில் வகுத்த ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் என்னும் ஆங்கில அறிஞரின் பெயரையே நாம் ஆற்றலின் அலகாக வழங்குகிறோம். அவ்விதிக்கு இப்பொறி மிகத் தெளிவான சான்று எனலாம்.

3,500 வாட்டுப் பொறி என்பது 3,500 வாட்டு அடுப்பே. துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்று ஏறத்தாழ 1,000 வாட்டு என்று வைத்துக்கொண்டால், மூன்றரைத் தேய்ப்புப் பெட்டிகள் ஓர் அறைக்குள் இரவு பகலாக எரிவதற்கு இது ஒப்பாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் கொண்ட அறையில் சுமார் 31 கிலோ காற்று இருக்கும். கதவு சன்னலை மூடி, சுவர்களும் வெப்பத்தை உறிஞ்சாது என்று கொண்டால், 9 நொடிக்கு ஒரு பாகை வீதம் அக்காற்றின் வெப்பநிலை ஏறும். உண்மையில் சுவரும் தரையும் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதால் ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். ஆயினும் ஏறாமல் நில்லாது.

காற்றும் குளிர்சாதனமும்

இவ்வெப்பத்தை அகற்ற முதல் வழி காற்றோட்டம். பொறிக்குள் புகும் காற்று 15 பாகை மட்டுமே சூடேறி வெளியே செல்ல வேண்டுமாயின், நொடிக்கு 200 லிட்டர் காற்று ஓட வேண்டும். நம் ஊரில் நண்பகல் வெப்பம் 32 பாகை என்றால், வெளிவரும் காற்று 47 பாகையில் இருக்கும். அச்சூடான காற்று மீண்டும் பொறியின் வாய்க்கே சுற்றி வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. உள்வாங்கும் காற்று ஏறத்தாழ 40 பாகையைத் தாண்டலாகாது என்பது இத்தகைய பொறிகளின் பொது வரம்பு. எனவே குளிர்ந்த காற்று ஒரு பக்கம் புகவும், சூடான காற்று குழாய் வழியே அறைக்கு வெளியே போகவும் வழி செய்வதே முறை. அறைக்குள் இன்னொரு மின்விசிறியைச் சுழல விடுவதால் பயனில்லை. அது வெப்பத்தை அதே அறைக்குள் இடம் மாற்றுவதோடு, தன் பங்குக்குச் சிறிது வெப்பத்தையும் சேர்க்கும்.

இரண்டாவது வழி குளிர்சாதனம். 3,500 வாட்டு வெப்பம் மணிக்குச் சுமார் 12,000 பி.டி.யு. ஆகும். கடையில் ஒன்றரைக் குதிரைத்திறன் என்று விற்கப்படும் குளிர்சாதனத்தின் முழு ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக, ஒரு பொறிக்கு ஒரு குளிர்சாதனம் ஓயாமல் ஓட வேண்டும். மூன்று பங்கு வெப்பத்தை அகற்ற ஒரு பங்கு மின்சாரம் செலவாகும் என்று கொண்டால், அதற்கு மேலும் 1,170 வாட்டு தேவை. நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் முறை வறண்ட நாடுகளுக்கே உகந்தது. ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது.

மூன்றாவது, நீர்மத்தால் குளிர்வித்தல். ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை சூடேறும்போது வாங்கிச் செல்லும் வெப்பத்தைக் காற்றால் கொண்டுபோக வேண்டுமானால் ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். ஆகவே சில்லுகளின் மேல் நீர்க் குழாய் பதித்தும், மின்சாரம் கடத்தாத எண்ணெயில் பொறியையே மூழ்கவைத்தும் குளிர்விக்கின்றனர். இதனால் விசிறிகளின் இரைச்சல் ஓய்கிறது, தூசியும் அணுகுவதில்லை. ஆனால் அந்நீர்மம் வாங்கிய வெப்பத்தை எங்கேனும் வெளிக்காற்றில் விட்டே தீர வேண்டும்.

எந்த வழியைக் கைக்கொண்டாலும், குளிர்வித்தல் என்பது வெப்பத்தை இடம் மாற்றும் வேலையே. பிறந்த வெப்பத்தை அது அழிப்பதில்லை. அதற்குக் கொடுத்த காசையும் மீட்டுத் தருவதில்லை. சில்லு குளிர்ந்திருந்தால் அதனுள் வீணே கசியும் மின்னோட்டம் சிறிது குறையும், ஆயுளும் நீளும் என்பது உண்மை. அதற்கு மேல் பெரிய சிக்கனம் எதையும் விசிறியிடம் எதிர்பார்க்க இயலாது.

உண்மையான சிக்கனம்

அப்படியானால் சிக்கனம் எங்கே இருக்கிறது? வெப்பம் பிறக்கும் இடத்திலேயே இருக்கிறது. சில்லு உண்ணும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப அமைகிறது. வேகத்தையும் அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் என்ன ஆகும்? செய்யும் வேலை 100இலிருந்து 90 ஆகும். மின்சாரமோ 0.9ஐ மும்முறை பெருக்க, 100இலிருந்து 73 ஆகிவிடும். எஸ்21 பொறிக்கு இதைப் பொருத்தினால், 180 டெராஹாஷுக்கு 2,550 வாட்டு. டெராஹாஷுக்கு 14 ஜூல் அளவு. இது ஏட்டுக் கணக்கு. விசிறிக்கும் கசிவுக்கும் ஆகும் செலவு இதில் அடங்காது. மேலும், சில்லு பிழையின்றி இயங்கும் எல்லைக்குக் கீழே அழுத்தத்தைக் குறைக்கவும் இயலாது. ஆயினும் திசை சரியே. மெதுவாக ஓடும் பொறி குறைந்த வெப்பத்தை ஈனும். அதைக் குளிர்விக்கும் செலவும் உடன் குறையும். இரட்டை ஆதாயம் இதுவே.

மின்கம்பிக்கும் எல்லை உண்டு. நம் வீட்டுச் சுவர்ப் பிளக்கு 13 ஆம்பியர் தாங்குவது. 230 வோல்ட்டில் அதன் உச்சம் 2,990 வாட்டு. 3,500 வாட்டுப் பொறிக்கோ 15 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைச் சாதாரணப் பிளக்கில் செருகுவது தீயை வலிய அழைப்பதாகும். சுடுநீர்க் கெண்டி ஐந்து நிமிடம் ஓடி நிற்கும். இப்பொறி மாதக்கணக்கில் நில்லாது. தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனிக் கம்பி இழுக்காமல் இதைத் தொடலாகாது.

கட்டணமும் போட்டியும்

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். பொறிக்கு நாளொன்றுக்கு 84 யூனிட். குளிர்சாதனம் சேர்ந்தால் 112 யூனிட். முப்பது நாளைக்கு 3,360 யூனிட். கணக்குக்காக யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,008 வெள்ளி. இதில் 252 வெள்ளி, வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே. குளிர்நாட்டில் இதே வெப்பம் வீட்டைச் சூடாக்க உதவி, கணப்புச் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஆண்டு முழுதும் கோடையான நம் நாட்டில் அதைப் பிறப்பிக்க ஒருமுறையும், விரட்ட ஒருமுறையும் காசு கொடுக்கிறோம்.

திறன் மிக்க பொறி வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். தீராது. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிரின் கடுமை திருத்தப்படுகிறது. உலகில் முயற்சிகள் பெருகினால் புதிரும் அதற்கேற்பக் கடினமாகும். எல்லாரும் புதிய பொறிக்கு மாறிய பின் எவருக்கும் மேன்மை இல்லை. பழைய பொறி வைத்திருப்பவருக்கு நட்டம் மட்டுமே மிஞ்சும். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்ததால் நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியது என்று ஜெவன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1865ஆம் ஆண்டிலேயே காட்டினார். நாணயச் சுரங்கத்தில் அப்போக்கு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. முடிவில் வெல்பவர் மின்சாரம் மலிவாகக் கிடைப்பவரே.

தீய வழி பிறப்பதும் இவ்விடத்திலேதான். மீட்டரைச் சுற்றிக் கள்ளத்தனமாக இழுத்தால் மின்சாரத்துக்கு விலையே இல்லையல்லவா? சரவாக்கின் மிரி நகரில் இவ்வாறு இயங்கிப் பறிமுதல் செய்யப்பட்ட 1,069 பொறிகளை, 2021ஆம் ஆண்டில் காவல் துறையினர் சாலை உருளையை ஏற்றி நொறுக்கினர். திருடப்பட்ட மின்சாரத்தின் மதிப்பு 84 இலட்சம் ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அந்த இழப்பை இறுதியில் சுமப்பவர் ஒழுங்காகக் கட்டணம் கட்டும் குடும்பத்தாரே. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் தீப்பற்றும் கூரை அண்டை வீட்டாருடையதாகவும் இருக்கலாம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. எத்தீரியம் என்னும் நாணயம், 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிர் விடுவிக்கும் முறையையே கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைப்போர் பேரேட்டைப் பதியும் முறைக்கு மாறியது. அதன் மின்சாரச் செலவு 99 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. எந்த விசிறியாலும், எந்த எண்ணெய்த் தொட்டியாலும் ஆகாத சிக்கனம், செய்யும் முறையை மாற்றியதால் ஆயிற்று.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டு செல்வது நன்று. ஆற்றல் அழியாது என்ற விதியை மாணவர்க்கு ஒரு மாத மின்கட்டணச் சீட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். பொறி வாங்க எண்ணும் இளைஞரிடமும் மூன்று எண்களை மட்டும் கேட்டால் போதும்: டெராஹாஷுக்கு எத்தனை ஜூல், யூனிட்டுக்கு எத்தனை காசு, வெப்பத்தை அகற்ற எத்தனை வாட்டு. இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின், பொறியை வாங்குவதா, தாளை மடித்து வைத்துவிடுவதா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.